ஏட்டுச் சுரைக்காயும் ஒரு முக்காலியும்

மேடையை அலங்கரிக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, வணிகவியல் துறைத் தலைவர் அம்மா அவர்களே, ஜவுளித் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கண் திறந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். சென்னை வெயிலுக்குப் பொன்னாடை வேண்டாம், துண்டு போதும் என்று முதல்வரிடம் போன வருஷமே சொன்னேன். அன்பு கேட்கவில்லை.

திரைப்படத்தை வைத்து வணிக அறப் பாடம் நடத்துவது பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஏமாற்றுகிறவன் மனசு முதலாவது. அதற்கு 2014-இல் வந்த 'சதுரங்க வேட்டை' போதும். மண்ணுள்ளிப் பாம்பில் தொடங்கி ஒவ்வொரு மோசடியும் நம் பேராசையில்தான் கால் ஊன்றுகிறது. பாடப்புத்தகம் பத்துப் பக்கம் படித்தாலும் இது உறைக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இரண்டாவது, 2010-இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு'. நம் ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடை ஊழியர் கதைதான். வகுப்பில் போட்டுவிட்டு, "கடையில் என்ன தப்பு நடக்கிறது?" என்று கேட்பேன். அடிப்பதைச் சொல்வார்கள், நெருக்கியடித்துப் படுப்பதைச் சொல்வார்கள். நாள் முழுக்க நிற்பதை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

எனக்கும் பழகித்தான் இருந்தது. ஒரு ஆடி மாதம், தி.நகரில் ஒரு கடை. என் மனைவி முக்காலியில் உட்கார்ந்து நாற்பது புடவை பிரிக்கச் சொன்னாள். எடுத்துப் போட்ட பெண் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். "நீயும் உட்காரும்மா" என்றாள் மனைவி. அந்தப் பெண் மேலே பார்த்தாள். சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். "கேமரா இருக்கு அக்கா" என்றாள். என் மனைவி சட்டென்று எழுந்து, மீதி நேரமும் நின்றுகொண்டே பார்த்தாள். கடைசியில் எடுத்தது என்னவோ முதலில் பிரித்த புடவைதான், அது வேறு கதை!

சரி, சட்டம் இல்லையா? இருக்கிறது. கேரளம் 2018-இல் கொண்டுவந்தது. நம் சட்டமன்றம் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்றது. சட்டத்திலும் அதே ஏட்டுச் சுரைக்காய்தான்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. துறைத் தலைவர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம் மட்டும். படம் முடிந்ததும் கட்டுரை கேட்காதீர்கள். பனகல் பூங்காவிலிருந்து ரயில் நிலையம் வரை பிள்ளைகளை அனுப்பி, ஊழியருக்குப் போட்ட நாற்காலிகளை எண்ணச் சொல்லுங்கள். ஐயா, உங்கள் கடையிலிருந்தே தொடங்கலாமா? தலையசைக்கிறார், கைதட்டுங்கள்!