குடல் தொற்றும் பாதி மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதே நெடுநாளாக என் கவலை. ஆகவே, குடல் தொற்றுக்கு அவர்கள் வாய்வழியே உட்கொள்ளும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

"கிட்னி சரியில்லை, பாதி போதும்" என்று வீட்டிலேயே மாத்திரையை உடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை உணர்வை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாதி என்பது எல்லா மருந்துக்கும் பொருந்தும் விதியன்று. விழுங்கிய மருந்து குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கிறதா, கலந்தால் எந்த வழியாக உடலைவிட்டு வெளியேறுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பின்னரே அளவைத் தீர்மானிக்க முடியும்.

இதற்கு வான்கோமைசினைவிடச் சிறந்த சான்று இல்லை. 1950களில் போர்னியோத் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எலி லில்லி நிறுவனத்தார் பிரித்தெடுத்த மருந்து அது. தொடக்கக் காலத்தில் மாசு கலந்து பழுப்பு நிறமாக இருந்ததால் ஆய்வாளர்களே அதை 'மிசிசிப்பிச் சேறு' என்று கேலி செய்தார்கள். 1958இல் ஊசி மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்து, சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும் என்று பெயரெடுத்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். ஆனால் அதன் மூலக்கூறு பெரியது. வாய்வழியே கொடுத்தால் பெரும்பாலும் குடற்சுவரைக் கடக்காமல் மலத்தோடு போய்விடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு பெருங்குடலில் பெருகும் கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் தொற்றுக்கு 125 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை, 10 நாள் என்பது வழக்கமான அளவு. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கும் அதே அளவுதான். இதே மருந்தை ஊசியாகப் போட்டால் பெருங்குடலுக்குள் போதிய அளவு சென்று சேராது என்பதையும் கவனியுங்கள். குடல் கடுமையாக வீங்கியிருந்தால் மட்டும் சிறிதளவு உறிஞ்சப்படலாம் என்பதால், அத்தகைய சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லக்கூடும்.

சிப்ரோஃப்ளாக்சசின் இதற்கு நேர்மாறானது. நன்றாக உறிஞ்சப்பட்டு, பெரும்பங்கு சிறுநீர் வழியே வெளியேறுகிறது. வெளியேறாமல் தேங்கினால் மனக்குழப்பமும் வலிப்பும் வரலாம். கிரியேட்டினின் என்ற கழிவைச் சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் வெளியேற்ற வீதம் நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கியவர்களுக்கு 250 முதல் 500 மில்லிகிராம் வரை 18 மணி நேரத்துக்கு ஒருமுறை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதுவும் டயாலிசிஸ் முடிந்த பிறகு. பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் மாத்திரையோ கால்சியமோ இரும்புச்சத்தோ உடன் சென்றால் மருந்தைக் குடலிலேயே பிடித்து நிறுத்திவிடும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோஃப்ளாக்சசினை உட்கொள்ள வேண்டும். இந்த இடைவெளியைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுத்தனுப்புவது அரைகுறை மருத்துவம் என்பது என் கருத்து.

அசித்ரோமைசின் பெரும்பாலும் பித்தநீர் வழியே போவதால் பொதுவாக அளவைக் குறைப்பதில்லை; இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மெட்ரோனிடசோலைக் கல்லீரல் சிதைக்கிறது, ஆனால் டயாலிசிஸ் அதை அகற்றிவிடுவதால் அன்றைய வேளையை டயாலிசிஸுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

இரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. 80 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு மூதாட்டிக்கு அது 1.2 என்று வந்தால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. வயதையும் எடையையும் சேர்த்துக் காக்ராஃப்ட்–கால்ட் முறையில் கணக்கிட்டால் அவருடைய வெளியேற்ற வீதம் ஏறத்தாழ 27தான். அதாவது சிப்ரோஃப்ளாக்சசினுக்கு நான் சொன்ன அந்த 30க்கும் கீழே.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள்; விரிவாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்குகிறேன். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. இரத்தம் கலந்து போனால், பரிசோதிக்காமல் எதையும் தொடங்க வேண்டாம். சில வகை ஈ.கோலைத் தொற்றில் ஆன்டிபயாடிக் சிறுநீரகத்துக்கே கேடாகலாம். நீரிழப்பின்போது இரத்த அழுத்த மருந்தையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று உடனே கேளுங்கள். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தில் பொட்டாசியமும் இருப்பதால், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.