இன்ச் டேப்பை வைத்து தமனியை அளக்க முடியுமா?

வணக்கம் நண்பர்களே. தமனி எவ்வளவு விறைத்துப்போயிருக்கிறது என்று பார்க்க நாடி அலை வேகம், அதாவது இதயத் துடிப்பால் எழும் அலை தமனி வழியாக ஓடும் வேகம் எடுக்கிறார்கள் இல்லையா, அதில் பாதி வேலை இந்த இன்ச் டேப்புடையது. தமனி விறைக்க விறைக்க இந்த வேகம் கூடும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். நேரத்தைக் கருவி மில்லிசெகண்ட் கணக்கில் பிடித்துவிடும். தூரம்தான் தகராறு. தமனி உள்ளே வளைந்து போகிறது, நாம் தோலுக்கு மேலே அளக்கிறோம்.

கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். கழுத்தில் நாடி துடிக்கிற இடம் இது. இன்னொரு முனை தொடை இடுக்கு, அதைச் சட்டைக்கு மேலேயே காட்டுகிறேன், போதும். நடுவே 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே கணக்கில் போடக் கூடாது. இதயத்திலிருந்து கிளம்பும் அலை முதலில் கழுத்துக்கு ஏறி, அப்புறம் திரும்பித் தொடைக்கு இறங்குவதில்லை. மேலே ஏறும் அதே நேரத்தில் பெருந்தமனி வழியாகக் கீழேயும் ஓடுகிறது. கழுத்தில் துடிப்பு தட்டுப்படும்போது கீழே போகிற அலை ஏற்கெனவே கொஞ்ச தூரம் கடந்திருக்கும்.

அதனால்தான் 2012-இல் வந்த நிபுணர் குழு அறிக்கை நேரடித் தூரத்தை 0.8-ஆல் பெருக்கச் சொன்னது. 60 என்பது 48 ஆகிவிடும். அலைக்கு 60 மில்லிசெகண்ட் ஆனது என்றால் வேகம் வினாடிக்கு 8 மீட்டர். பெருக்காமல் விட்டால் 10. அந்த அறிக்கை வைத்த எச்சரிக்கை எல்லையே 10 தான்! முன்பு 12 ஆக இருந்தது, 0.8-ஆல் பெருக்கி 9.6 வர, முழு எண்ணாக்கிவிட்டார்கள். சிலர் வேறு வழியில் போவார்கள்: நெஞ்செலும்புக்கு மேலுள்ள குழியிலிருந்து தொடை வரை அளந்து, அதே குழியிலிருந்து கழுத்து வரையுள்ள தூரத்தைக் கழிப்பார்கள்.

இப்போது டேப்பைப் பாருங்கள். உடம்போடு ஒட்டி இழுத்தால் தொப்பையின் வளைவும் சேர்ந்துவிடும். தொப்பை போட்டால் தமனி நீளாது, சரிதானே? நேர்கோட்டில்தான் பிடிக்க வேண்டும்.

டேப்பே வேண்டாம் என்கிற முறையும் உண்டு. மேல்கைக்கும் கணுக்காலுக்கும் பட்டை கட்டும் ஜப்பானியக் கருவிகள் உயரத்தை மட்டும் கேட்கும். இதயத்திலிருந்து கணுக்கால் வரை: உயரம் பெருக்கல் 0.8129, கூட்டல் 12.328. மேல்கை வரை: உயரம் பெருக்கல் 0.2195, கழித்தல் 2.0734. 170 செ.மீ. ஆளுக்கு இரண்டின் வித்தியாசம் சுமார் 115 செ.மீ. வசதிதான், ஆனால் எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். வயதாக ஆகப் பெருந்தமனி நீண்டு வளைகிறது, உயரமோ சற்றுக் குறைகிறது. சூத்திரம் எதிர்த்திசையில் போகும், வயதானவரின் வேகத்தைக் குறைத்துக் காட்டிவிடலாம்.

ரிப்போர்ட் வாங்கினால் எந்தத் தூரத்தைப் போட்டார்கள் என்று கேளுங்கள். போன முறை 0.8, இந்த முறை கழித்தல் என்றால், இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.