எட்டு நாள் தோமா

நடுவர் அவர்களுக்கும், எதிரே இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணிக்கும், பட்டிமன்றம் முடிந்தால்தான் சாப்பாடு என்று உட்காரவைக்கப்பட்டிருக்கும் பங்கு மக்களுக்கும் வணக்கம்.

விசுவாசத்துக்கு வேர் கண்ட அடையாளமா, காணாத நம்பிக்கையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய ஐயா, 'கண்ட அடையாளமே' என்று முழங்கினார். இயேசுவின் சீடர், நம் பரங்கிமலைப் புனிதர் தோமாவையே சாட்சிக்கு இழுத்தார். "தோமா கேட்டார், ஆண்டவர் காட்டினார். காட்டாமல் விட்டிருந்தால் நம்பியிருப்பாரா?" என்றார். பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். பார்த்தவர்கள் எல்லாரும் நம்பிவிட்டார்களா? பெத்தானியாவில் செத்து நாலு நாள் கல்லறையில் கிடந்த லாசர், இயேசு கூப்பிட்டதும் கட்டுத்துணியோடு வெளியே வந்தார். கூட்டமே பார்த்தது. பலர் நம்பினார்கள், சிலர் நேரே இயேசுவுக்கு ஆகாத பரிசேயரிடம் போய் வத்தி வைத்தார்கள். அதன்பிறகுதான் இயேசுவைக் கொன்றுவிடுவது என்று முடிவே செய்தார்கள். அதோடு விட்டார்களா? பிழைத்து வந்த லாசரையும் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டார்கள். செத்துப் பிழைத்தவனை மறுபடி கொல்லப் பார்த்த கூட்டத்துக்கு, இனி எந்த அடையாளத்தைக் காட்டுவது?

சரி, தோமாவுக்கு வருவோம். யோவான் நற்செய்தி, 20ஆம் அதிகாரம். சீடர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். சிலுவையில் இறந்த ஆண்டவர் உயிர்த்து அங்கே வந்தபோது தோமா இல்லை. எங்கே போனார் என்று யோவான் எழுதவில்லை. கடைக்குப் போயிருப்பார் என்பது என் பாட்டியின் ஊகம். எல்லாரும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சோறு யார் போடுவது? திரும்பி வந்தவரிடம் "ஆண்டவரைக் கண்டோம்" என்கிறார்கள். தழும்பில் விரலை விட்டு, விலாவில் கையை வைத்தால்தான் நம்புவேன் என்கிறார் அவர்.

எதிரணி ஐயா இங்கிருந்து ஒரே தாவாகக் காட்சிக்குத் தாவிவிட்டார். நடுவில் எட்டு நாள் இருக்கிறதே ஐயா! எட்டு நாளுக்குப் பிறகு சீடர்கள் மறுபடி கூடியபோது, தோமாவும் அவர்களோடு இருந்தார் என்கிறது நற்செய்தி. நம்பாதவர் ஏன் மூட்டை கட்டிக்கொண்டு போகவில்லை? மற்றவர்கள் 'கண்டோம், கண்டோம்' என்று பூரித்துப்போய் இருக்க, தான் மட்டும் ஒன்றையும் காணாமல் அவர்களோடேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்தப் பிடிப்பைத்தான் நாங்கள் காணாத நம்பிக்கை என்கிறோம்.

அப்புறம் இன்னொன்று. இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்த படத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள்ளேயே போய்விடும். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பார்த்து, அவர் தொட்டார் என்றே நாமும் பேசுகிறோம். நற்செய்தியில் தொட்டதாக ஒரு வரி கிடையாது. 'விரலை இடு' என்கிறார் ஆண்டவர். "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்கிறார் தோமா. கண் பார்த்தது ஆணி பாய்ந்த ஒரு மனிதரின் கையை. வாய் சொன்னது கடவுள் என்று. அந்தத் தழும்பில் கடவுள் என்று எழுதியா ஒட்டியிருந்தது? இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கண்டது ஒன்று, நம்பியது வேறொன்று என்று 6ஆம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை பெரிய கிரகோரியார் சொல்லிவிட்டார்.

அப்படியானால் மேடை போட்டு, நோய் தீர்க்கும் எண்ணெய் என்று பாட்டில் விற்கிறவரையும் காணாமலே நம்பலாமா என்று எதிரணியில் கேட்டார்கள். கூடாது. யாராக இருந்தாலும் சோதித்துப் பாருங்கள் என்று யோவானின் முதல் கடிதமே சொல்கிறது. ஆனால் அந்த மேடையில் ஏமாறுகிறவர் காணாமல் நம்பியா ஏமாறுகிறார்? 'என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்லித்தானே ஏமாறுகிறார்! அந்தக் கணக்கை உங்கள் அணியில் எழுதிக்கொள்ளுங்கள்.

தோமையார் கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கினார், 72-இல் இந்த மலையில் குத்துப்பட்டு இறந்தார் என்பது நம் மரபு. மயிலாப்பூரில் அவர் பேச்சைக் கேட்டவர்களுக்குக் காட்ட அவரிடம் என்ன இருந்தது? கூடப் பழகிய அத்தனை பேர் சொல்லியும் நம்பாத மனிதர், முன்பின் தெரியாத ஊரில், தன் ஒருவர் வாய்ச்சொல்லை நம்பச் சொல்லி நிற்கிறார். அவருக்கே உள்ளுக்குள் சிரிப்பு வந்திருக்கும்.

போன வருஷம் ஜூலை 3, திருவிழா அன்று மலைப்படி ஏறினேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு படிக்கும் வலது முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் இருவரும் உட்கார்ந்தோம். கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒன்பது வருஷமாம். போன் இல்லை, கடிதம் இல்லை. வருஷம் தவறாமல் வந்து படி ஏறுகிறாராம்.

"ஏதாவது தகவல் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா" என்றார். மடியில் இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு மெழுகுவத்தி.

"ஒண்ணு அவனுக்கு. இன்னொண்ணு... இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும்ல?"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அடுத்த படியில் காலை வைத்தார்.

வணக்கம்.