இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் உள்ளே வரலாமா? உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய கல்லூரிச் சகோதரிகள்

வணக்கம். 2021 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கலூசா என்ற ஊரில் படிக்கும் மாணவிகள், தாங்கள் அன்றைக்கு உடுத்தியிருந்த கவுன் எங்கே வாங்கியது, தோடு எங்கே வாங்கியது, செருப்பு எங்கே வாங்கியது என்று ஒவ்வொன்றாகக் காட்டி டிக்டாக்கில் சொல்லிக்கொண்டிருந்ததை உலகமே உட்கார்ந்து பார்த்தது. சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்கள் புதிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாட்கள் அவை. அந்தத் தேர்வை அங்கே ‘ரஷ்’ என்று அழைக்கிறார்கள்.

அதே அமெரிக்காவில், “இயேசு கிறிஸ்துவை உன் சொந்த இரட்சகராக ஏற்றுக்கொண்டிருக்கிறாயா?” என்பதை முதல் நிபந்தனையாக வைத்த ஒரு சொராரிட்டியின் கிளை, அதைக் கைவிட மறுத்ததால் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தைப் பெற முடியாமல், வழக்குத் தொடுத்து, மேல்முறையீட்டிலும் வெற்றி பெறாமல், கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் கதவையும் தட்டியது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். கடைசி வரை பாருங்கள். ஏனென்றால் இறுதியில் உங்களிடம் நான் ஒரு தீர்ப்புக் கேட்கப்போகிறேன்.

பின்னணியை வேகமாகக் கடந்துவிடுவோம். 1776இல் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் ‘ஃபை பீட்டா கப்பா’ என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டதில் இந்தச் சங்கங்கள் தொடங்கின. 1851இல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், மெதடிஸ்டுகளின் வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில், பெண்களுக்கென்று முதல் ரகசியச் சங்கம் எழுந்தது. சொராரிட்டி என்ற சொல் அதற்கும் 31 ஆண்டுகள் இளையது: சகோதரியைக் குறிக்கும் ‘சொரோர்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து, சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, 1882இல் அங்கிருந்த ‘காமா ஃபை பீட்டா’ மாணவிகளுக்காக அதை உருவாக்கிக் கொடுத்தார். அதுவரை பெண்களின் சங்கங்களையும் சகோதரர் சங்கம் என்றே சொல்லிவந்தார்கள் என்பதை நினைத்தால், ஒரு சொல் பிறக்க ஒரு பேராசிரியரின் சங்கடமே போதும் என்று தோன்றுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வெஸ்லியன் கல்லூரி மெதடிஸ்டு சபையினுடையது. 1867இல் ‘பை பீட்டா ஃபை’ தோன்றிய மான்மத் கல்லூரி பிரெஸ்பிட்டீரியன் சபையினுடையது. 1895இல் ஆர்கன்சாவில் தொடங்கிய ‘கை ஒமேகா’வின் குறிக்கோள் வாசகமே ‘கிரேக்கப் பண்பாடும் கிறிஸ்தவ இலட்சியங்களும்’ என்பதுதான். எல்லாமே கிறிஸ்தவச் சூழலில் பிறந்தவையாக இருக்கும்போது, தனியாக ஒரு கிறிஸ்தவச் சொராரிட்டி எதற்கு?

முதல் விடை, கிறிஸ்தவம் என்று அன்று பொதுவாகச் சொன்னபோது அது பெரும்பாலும் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவத்தையே குறித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த கத்தோலிக்கப் பெண்களுக்கு அங்கிருந்த சங்கங்களில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் மாணவர் ஆலயத்தின் பங்குத்தந்தையாக இருந்த எட்வர்டு கெல்லி, அவர்களுக்காக 1909இல் ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். அது தள்ளாடியபோது, ஆயராக உயர்ந்திருந்த அவரே முன்னின்று 1912இல் பத்து மாணவிகளைக் கொண்டு ‘தீட்டா ஃபை ஆல்ஃபா’வை நிலைநிறுத்தினார். சியன்னா நகரத்துப் புனித கத்தரீன் அவர்களுடைய பாதுகாவலர், வெள்ளை ரோஜா அவர்களுடைய மலர். மிகுந்த பொறுமையோடு தாங்கிக்கொள்ளாமல் பெரிய செயல் எதுவும் நிறைவேறுவதில்லை என்ற கத்தரீனின் வாக்கை அவர்கள் தங்கள் குறிக்கோளாக ஏற்றார்கள். கதவு சாத்தப்பட்டவர்கள் வேறு எந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அது இவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். அதே 1909இல் நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் யூத மாணவிகளும் இதே காரணத்துக்காகத் தங்களுக்கென்று ‘ஆல்ஃபா எப்சிலான் ஃபை’யை அமைத்துக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பழைய சங்கங்களின் வாசலில் கத்தோலிக்கருக்கு இடமில்லை என்று பலகை தொங்கவிட வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான். உறுப்பினர்கள் மூடிய அறையில் வாக்களிப்பார்கள், வேண்டாதவளுக்கு அழைப்பு வராது, காரணமும் சொல்லப்படாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீதிமன்றத்தில் தேவைப்படும்.

இரண்டாவது விடை இதற்கு நேர் எதிரானது. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தும், உள்ளே இருந்த வாழ்க்கை தங்கள் விசுவாசத்துக்கு ஒத்துவராது என்று கருதிய பெண்கள் தாங்களாகவே விலகி வந்து கட்டிக்கொண்ட வீடு அது. 1916இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் மெதடிஸ்டு மாணவிகளுக்காக ‘கப்பா ஃபை’ எழுந்தது. 1925இல் லாஸ் ஏஞ்சலஸில், இன்று யூசிஎல்ஏ என்று புகழ்பெற்றிருக்கும் பல்கலைக்கழகம் தென் கிளை என்ற பெயரோடு இருந்த காலத்தில், மாணவிகள் சிலர் ‘அரெட்டா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ‘ஆல்ஃபா டெல்டா கை’ ஆனது. நம் வழக்கின் நாயகி அவள்தான். ஆண்களுக்கான ‘ஆல்ஃபா காமா ஒமேகா’ இரண்டே ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் பிறந்தது.

இப்போது, இந்த வீடியோவைத் தயாரிக்கும்போது என்னை மிகவும் மகிழ்வித்த பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: பெருக்கல் குறியைப் போன்ற ஒரே ஓர் எழுத்து, பெரிய அளவில்]

பழைய கிரேக்க எழுத்துச் சங்கங்களில் பெயர் என்பது ஒரு பூட்டு. ‘ஃபை பீட்டா கப்பா’ என்ற மூன்று எழுத்துகளும், ஞானத்தின் மீதான நாட்டமே வாழ்க்கையின் வழிகாட்டி என்று பொருள்படும் ஒரு கிரேக்க வாக்கியத்தின் முதல் எழுத்துகள். அப்படி மறைந்திருக்கும் வாக்கியத்தை, சத்தியம் செய்து உள்ளே வந்தவர்களுக்கு மட்டும் காதோடு சொல்வதுதான் பிற்காலச் சங்கங்கள் பலவற்றின் மரபு. 19ஆம் நூற்றாண்டின் தீவிரக் கிறிஸ்தவர்கள் பலருக்கு இந்த ரகசியமே பிடிக்கவில்லை. இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரியில் முதல் தலைவராக இருந்த ஜோனத்தன் பிளான்சர்டு, ரகசியச் சங்கங்களை எதிர்ப்பதைத் தன் வாழ்நாள் பணிகளில் ஒன்றாகவே கொண்டிருந்தார். “அந்தரங்கத்திலே நான் ஒன்றும் பேசவில்லை” என்று இயேசு பிரதான ஆசாரியனிடம் சொன்ன மறுமொழி, அப்படிப்பட்டவர்களின் கையில் ஓர் ஆயுதமாக இருந்தது.

அப்படியிருக்க, இன்றைய கிறிஸ்தவச் சங்கங்கள் அதே கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டு என்ன செய்தன என்று பாருங்கள். 1985இல் ஆஸ்டினில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ‘பீட்டா உப்சிலான் கை’ என்ற ஆண்கள் சங்கம் பிறந்தது. ‘பிரதர்ஸ் அண்டர் கிறைஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதல் எழுத்துகளை அப்படியே கிரேக்கத்துக்கு மாற்றினால் கிடைப்பது அந்தப் பெயர். 1988இல் அதே வளாகத்தில் மாணவிகள் ‘சிக்மா ஃபை லாம்டா’வைத் தொடங்கினார்கள், ‘சிஸ்டர்ஸ் ஃபார் த லார்ட்’, அதாவது கர்த்தருக்கான சகோதரிகள். சிஸ்டருக்குச் சிக்மா, ஃபாருக்கு ஃபை, லார்டுக்கு லாம்டா. பூட்டாக இருந்த எழுத்துகளை இவர்கள் பெயர்ப்பலகையாக மாற்றிவிட்டார்கள். வழியில் போகிற யார் கேட்டாலும் பொருளைச் சொல்லிவிடுவார்கள்.

அந்த ‘கை’ என்ற எழுத்து இன்னும் அழகானது. கிறிஸ்து என்பதைக் கிரேக்கத்தில் எழுதும்போது முதலில் வருவது அதுதான். பார்வைக்குப் பெருக்கல் குறி போல இருக்கும். டிசம்பர் மாதத்தில் நம் ஊர் கேக் கடை வாசலில் ‘எக்ஸ்மஸ்’ என்று எழுதித் தொங்கவிடும் பலகையில் முதலில் நிற்கும் எழுத்தை, கிறிஸ்துவின் பெயரை எடுத்துவிட்டு யாரோ சோம்பேறித்தனமாகப் போட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஆங்கிலத்தின் எக்ஸே அன்று. கிறிஸ்துவின் பெயரைச் சுருக்கி எழுதப் பழைய காலத்திலிருந்து பயன்பட்டுவரும் அதே ‘கை’. ஆல்ஃபா டெல்டா கையின் கடைசி எழுத்தும், பீட்டா உப்சிலான் கையின் கடைசி எழுத்தும் அதுவே. ஆல்ஃபாவில் தொடங்கி ஒமேகாவில் முடியும் ‘ஆல்ஃபா காமா ஒமேகா’ என்ற பெயரைப் பார்த்தால், “நான் அல்பாவும், ஓமெகாவும்” என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் வாசித்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர் எவருக்கும் விளக்கமே தேவைப்படாது. இது உங்களுக்கும் பிடித்திருந்தால் உங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை பகிர்ந்துவிடுங்கள்.

இனி வழக்கு. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்ஃபா டெல்டா கை கிளை, தன் உறுப்பினர் விதிகளை மறைக்காமல் எழுதி வைத்திருந்தது. இயேசு கிறிஸ்துவை இரட்சகராகவும் ஆண்டவராகவும் தனிப்பட்ட முறையில் ஏற்றிருக்க வேண்டும். கிறிஸ்தவ ஊழியத்தில் ஈடுபட வேண்டும். சுவிசேஷச் சபை ஒன்றுக்கு ஒழுங்காகச் செல்ல வேண்டும். சமயத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டும் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை என்பது அன்று பல்கலைக்கழகத்தின் விதி. அங்கீகாரம் இல்லையென்றால் நிதி இல்லை, பல்கலைக்கழகத்தின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த முடியாது, கூட்டம் நடத்த அறை பெறுவதிலும் சலுகை இல்லை. வளாகத்தில் கூடி ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் புதிய மாணவிகள் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழிகள் அடைபட்டன.

ஆல்ஃபா காமா ஒமேகாவின் கிளையும் சேர்ந்து வழக்குத் தொடுத்தது. 2011 ஆகஸ்டில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த விதி எந்தக் கருத்தையும் ஒடுக்குவதற்காக எழுதப்பட்டதன்று என்று கூறிப் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டு, ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியின் கிறிஸ்தவ மாணவர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கல்லூரியை ஆதரித்திருந்தது. ஆனால் அந்தக் கல்லூரியின் விதி, எந்தச் சங்கமும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது. சான் டியேகோவின் அன்றைய விதி அப்படிப்பட்டதன்று. ஓர் அரசியல் சங்கம் தன் கொள்கையை ஏற்பவர்களை மட்டும் சேர்க்கலாம், ஒரு சொராரிட்டி பெண்களை மட்டும் சேர்க்கலாம், ஒரு சமயச் சங்கம் மட்டும் தன் சமயத்தாரை மட்டும் சேர்க்கக் கூடாது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இது எனக்கு நியாயமாகப் படவில்லை. விசுவாசத்தை வளர்ப்பதற்காகவே கூடும் ஒரு சங்கம், உறுப்பினரிடம் விசுவாசத்தைக் கேட்பது இயல்பு. எல்லா மாணவர்களின் கட்டணத்திலிருந்தும் வரும் பணத்தை எல்லோருக்கும் திறக்காத சங்கத்துக்கு ஏன் தர வேண்டும் என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு என்பதையும் ஏற்கிறேன். நிதியை மட்டும் நிறுத்தியிருந்தால் நான் இந்த வீடியோவையே எடுத்திருக்க மாட்டேன். என்னை உறுத்துவது வேறு. தொடக்கத்தில் சொன்ன அலபாமாவில், கறுப்பினப் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்தச் சொராரிட்டியின் விதிப் புத்தகமும் சொல்லவில்லை; இருந்தும், எல்லாத் தகுதியும் கொண்ட ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சொராரிட்டிகள் ஒதுக்கியதையும், அதில் முன்னாள் உறுப்பினர்களின் தலையீடு இருந்ததையும், 2013 செப்டம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நாளிதழ்தான் வெளிக்கொண்டுவந்தது. மூடிய அறையில் வாக்களித்து ஒதுக்குபவர்கள், பாகுபாடு காட்ட மாட்டோம் என்ற படிவத்தில் கூசாமல் கையெழுத்துப் போட்டுவிடலாம். நிபந்தனையை வாசலிலேயே எழுதி வைத்தவர்களால்தான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாமல் போகிறது.

ஒன்பதாம் வட்டார நீதிமன்றத்தின் தீர்ப்பில் ஒரு சிறிய ஜன்னல் திறந்தே இருந்தது. சான் டியேகோ வளாகத்தில் அங்கீகாரம் பெற்றிருந்த கத்தோலிக்க நியூமன் மையம், தன் பொறுப்பாளர்கள் கத்தோலிக்கத் திருச்சபையில் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அப்படியானால் விதி எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தப்பட்டதா என்பதை மட்டும் விசாரிக்கும்படி, நீதிபதிகள் வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2012 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

[திரையில்: இரண்டு ஆண்டுகள், அருகருகே: 1968, 2012]

ஒரு காலத்தில் கதவு சாத்தப்பட்ட கத்தோலிக்கப் பெண்களின் தீட்டா ஃபை ஆல்ஃபா, தானாகவே 1968இல் எல்லாச் சமயப் பெண்களுக்கும் கதவைத் திறந்தது. இன்றும் அது புனித கத்தரீனைத் தன் பாதுகாவலராகப் போற்றுகிறது. ஆல்ஃபா டெல்டா கை தன் விதியை விட்டுக்கொடுக்காமல் 2012இல் உச்ச நீதிமன்றத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியது. இப்போது நான் கேட்பதாகச் சொன்ன தீர்ப்பு: சான் டியேகோவின் அந்த மாணவிகளிடம், விசுவாச நிபந்தனையை அழித்துவிட்டால் அறையும் பெயரும் தருகிறோம் என்று பல்கலைக்கழகம் சொன்னபோது, அவர்களுடைய இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் அழித்திருப்பீர்களா? கருத்துப் பகுதியில் காரணத்தோடு எழுதுங்கள், ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.