நிற்பதும் ஒரு வேலைதான்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, வணக்கம்.

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். 2024 மார்ச் 31. முந்தைய நாள்தான் குடியரசுத் தலைவர் மாளிகையில் நரசிம்ம ராவ், சரண் சிங், கர்ப்பூரி தாக்கூர், நம்முடைய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆகிய நால்வருக்கும் மறைவுக்குப் பிந்தைய பாரத ரத்னா வழங்கப்பட்டிருந்தது. ஐந்தாமவரான அத்வானிக்கு வயது 96. அதனால் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவருடைய வீட்டுக்கே போய் விருதைக் கொடுத்தார். அந்தப் படத்தில் அத்வானி அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் பிரதமர் அமர்ந்திருக்கிறார். நாட்டின் முதல் குடிமகள் நிற்கிறார். அன்று மாலையே சண்டை தொடங்கிவிட்டது. இது அவமதிப்பு என்றார்கள் ஒரு சாரார். விருது விழாக்களில் கொடுப்பவரும் பெறுபவரும் மட்டுமே நிற்க வேண்டும், மற்றவர்கள் அமர்ந்திருப்பதுதான் மரபு என்றார்கள் மறுசாரார்.

அந்த வழக்கில் நான் யாருக்கும் வக்கீல் அல்ல. என் மனத்தில் தங்கியது வேறு. அந்தப் பதவியில் இருப்பவரின் ஓராண்டு முழுவதும் அந்த ஒரே படத்தில் இருக்கிறது என்று தோன்றியது. அவர் நிற்கிறார். வருடம் முழுக்க நிற்கிறார். 'ரப்பர் ஸ்டாம்ப்' என்று டீக்கடையில் ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோமே, அந்த ஸ்டாம்புக்குக் கால் வலிக்கும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

அந்த 2024ஐயே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 25 இரவு தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு உரை. மறுநாள் குடியரசு நாள். அந்த ஆண்டு பிரான்ஸ் அதிபர் மக்ரோன் விருந்தினர். இருவரும் குதிரை பூட்டிய சாரட்டில் வந்து இறங்கினார்கள். குடியரசு நாள் அணிவகுப்புக்கு சாரட்டு வந்தது 40 ஆண்டுகளுக்குப் பிறகு. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டபின் பாதுகாப்புக் கருதி குண்டு துளைக்காத காருக்கு மாறியிருந்தார்கள். இந்த சாரட்டுக்கு ஒரு கதை சொல்வார்கள். பிரிவினையின்போது வைஸ்ராயின் வண்டி இந்தியாவுக்கா பாகிஸ்தானுக்கா என்று வழக்கு வந்ததாம். இரு பக்கத்து ராணுவ அதிகாரிகளும் நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்களாம். நமக்கு விழுந்தது. கோடிக்கணக்கான மக்களின் தலைவிதியை அவசர அவசரமாகக் கோடு கிழித்துப் பிரித்த அதே ஆண்டில், ஒரு குதிரை வண்டிக்கு மட்டும் இவ்வளவு நியாயம்!

என்னிடம் படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆகஸ்ட் 15க்குப் பிரதமர், ஜனவரி 26க்குக் குடியரசுத் தலைவர், இது ஏன்? 1947 ஆகஸ்டில் இந்தப் பதவியே கிடையாது. 1950 ஜனவரி 26 காலையில்தான், கடைசி கவர்னர் ஜெனரலான நம் ராஜாஜி குடியரசுப் பிரகடனத்தை வாசிக்க, ராஜேந்திர பிரசாத் பதவியேற்றார். அது அவருடைய பதவி பிறந்த நாள். ஆகவே அந்தக் கொடி அவருக்கு. ஆகஸ்டில் கொடியைக் கீழிருந்து ஏற்றுவார்கள். ஜனவரியில் அது மேலேயே கட்டியிருக்கும், கயிற்றை இழுத்து விரிப்பார்கள்.

ஜனவரி 29 மாலை விஜய் சௌக்கில் முப்படைப் பாசறை திரும்பும் நிகழ்ச்சி. வாத்தியக் குழுவை அழைத்துச் செல்லக் குடியரசுத் தலைவரிடம் அனுமதி கேட்பார்கள். அவர் தலையசைப்பார். அதோடு விழா முடியும்.

ஜனவரி 31 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் உரை. அந்த ஆண்டு புதிய கட்டடத்தில் முதல் முறை. இந்த உரைதான் எனக்கு விசித்திரமாகப் படும். எழுதுவது அமைச்சரவை, வாசிப்பது குடியரசுத் தலைவர். 'எனது அரசு இதைச் செய்தது, எனது அரசு அதைச் செய்யும்' என்று அவர் தன்மையில் பேச வேண்டும். அரசு அவருடையதும் இல்லை, வாக்கியம் அவருடையதும் இல்லை. ஆனாலும் ஒரு வரியை விட முடியாது. ஆளுநர் உரையில் சில வரிகள் விட்டுப்போனதற்கே நம் சட்டமன்றத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2024இல் இந்த உரை இரண்டு முறை வந்தது. பொதுத் தேர்தலுக்குப் பின் கூடும் முதல் கூட்டத்திலும் பேச வேண்டும் என்பது அரசமைப்பின் 87ஆவது பிரிவு. ஆகவே ஜூன் 27 அன்று மறுபடியும் 'எனது அரசு.'

பிப்ரவரி 1 காலை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டுக்கு முன் அனுமதி பெற வந்தார். அவருக்குத் தயிரும் சர்க்கரையும் ஊட்டி அனுப்பினார் முர்மு. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வடக்கே அது வழக்கம். அரசமைப்பில் எந்தப் பிரிவிலும் இல்லாத கடமை. எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு பத்ம விருதுகள். அந்த ஆண்டு 132 பேர். ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரண்டு விழாக்கள். வைஜெயந்திமாலா வந்தார், பத்மா சுப்ரமணியம் வந்தார், விஜயகாந்துக்காக அவருடைய மனைவி வந்து வாங்கிக்கொண்டார், நம் வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்ரப்பனும் பட்டியலில் இருந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் அதே புன்னகை, அதே பதக்கம், அதே வணக்கம். ஐம்பதாவது ஆளுக்கும் முதல் ஆளுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. ஏனென்றால் ஐம்பதாவது ஆளுக்கு அது வாழ்நாளில் ஒரே நாள். நமக்கு ஒரு கல்யாண வரவேற்பில் நூறு பேருக்குக் கை கூப்பினாலே முகம் சுண்டிவிடுகிறது.

ஆனால் அந்த மண்டபத்தில் சில சமயம் மரபு உடைந்துபோகும். 2019இல் கர்நாடகத்திலிருந்து திம்மக்கா பாட்டி வந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக ஆலமரம் வளர்த்தவர். பதக்கத்தை வாங்கிக்கொண்டு, நாட்டின் தலைவரான ராம்நாத் கோவிந்தின் தலையில் கை வைத்து ஆசி கொடுத்தார். யார் யாருக்கு விருது கொடுத்தது என்று ஒரு கணம் குழம்பிப்போயிற்று.

தூதர்களின் நியமனச் சான்றுகளைப் பெறுவது, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் நியமன ஆணைகளில் கையொப்பம், கருணை மனுக்கள், ஆசிரியர் தினத்தில் நல்லாசிரியர் விருது, இவையெல்லாம் ஆண்டுதோறும் வரும். விரித்தால் நேரம் போய்விடும். ஆனால் ஜூன் 9ஐச் சொல்லாமல் விட முடியாது. மாளிகை முற்றத்தில் பிரதமரையும் சேர்த்து 72 பேருக்குப் பதவிப் பிரமாணம். முதல் சொல்லான 'நான்' என்பதைக் குடியரசுத் தலைவர் எடுத்துக் கொடுப்பார், மீதியை அமைச்சர் தொடர்வார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக 'நான்... நான்... நான்...' அவர் சொன்ன எந்த 'நானும்' அவரைக் குறிக்கவில்லை.

ஆகஸ்டில் பிஜி, நியூசிலாந்து, திமோர். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் பிஜிக்குப் போனது அதுவே முதல் முறை. 1879இல் முதல் கூலிக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1903 முதல் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போன தீவுக்கு நம் நாட்டின் தலைவர் போய்ச் சேர 145 ஆண்டுகள். அங்கே ஒருவர் போய் நிற்பதற்கே பொருள் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இங்கே ஒரு சிறு கிளை. நம் பத்திரிகைகள் சில இன்னும் 'ஜனாதிபதி' என்று எழுதுகின்றன, சில 'குடியரசுத் தலைவர்' என்கின்றன. நமக்கு இரண்டும் ஒன்றுதான். இலங்கைத் தமிழரிடம் 'ஜனாதிபதி' என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் நினைப்பது வேறு ஆளை. அங்கே அவர்தான் ஆட்சி நடத்துபவர். இங்கே ஆட்சி இன்னொருவர் கையில்.

சரி, இதுவரை நான் சொன்னதெல்லாம் நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துத் தரும் நாட்கள். அச்சில் வராத நாள் ஒன்று எல்லோருடைய பதவிக் காலத்திலும் வந்திருக்கிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்து ராஜாமடம் ஊர்க்காரர் ஆர்.வெங்கட்ராமன். காமராஜர் அமைச்சரவையில் தொழில் அமைச்சர், கிண்டி தொழிற்பேட்டை என்றதும் நினைவுக்கு வருபவர். குடியரசுத் தலைவர் பதவி 'அவசர விளக்கு' போன்றது என்றவர் அவர்தான். மின்சாரம் போனால் எரியும், வந்தால் அணையும். 1991 ஜனவரியை எண்ணிப் பாருங்கள். 26 அன்று அணிவகுப்பு மரியாதையை ஏற்றார். 29 அன்று பாசறை திரும்பும் நிகழ்ச்சி. 30 காந்தி நினைவு நாள். அந்த 30ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்துவிட்டார். 356ஆவது பிரிவில் 'ஆளுநரின் அறிக்கையைப் பெற்றோ, வேறு வகையிலோ' என்று இருக்கிறது அல்லவா? அந்த 'வேறு வகையில்' என்பதை வைத்து சந்திரசேகர் அரசு பரிந்துரைத்தது. ஒரு தமிழர் கையெழுத்திட்டார். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் பதவியை உதறினார்.

வெங்கட்ராமன் வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பி அனுப்பியிருக்கலாம் என்பது என் கருத்து. அரசமைப்பின் 74ஆவது பிரிவு ஒரு முறை மறுபரிசீலனைக்கு அனுப்ப இடம் தருகிறது. 1997இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கக் குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது கே.ஆர்.நாராயணன் அதைத்தான் செய்தார். அமைச்சரவை பின்வாங்கியது. திருப்பி அனுப்புவது, கையெழுத்திடுவது என்று இரண்டையும் செய்து பார்த்தவர் கலாம். எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வகிக்க வழிசெய்த 'ஆதாயம் தரும் பதவி' மசோதாவை 2006இல் திருப்பி அனுப்பினார், நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றியதும் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, மே மாதத்தில், மாஸ்கோவில் இருந்தபோது பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணை இரவில் வந்தது. அங்கிருந்தே கையெழுத்திட்டார். அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். பதவி விலகவே நினைத்ததாகப் பின்னாளில் கலாமே எழுதினார். ராமேசுவரத்துப் பிள்ளையின் ஐந்தாண்டுச் சிரிப்பை நாம் எல்லோரும் பார்த்தோம், அந்த இரவை யாரும் பார்க்கவில்லை.

கையெழுத்து சில நொடி. அதற்கான மன உரத்தை எங்கே போய்ச் சேர்ப்பது? மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் பிறர் எழுதியதை வாசித்து, பிறர் குறித்த இடத்தில் நின்று பழகிய ஒருவருக்கு, அந்த ஒரு நாளில் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல நாக்கு எழ வேண்டும். அதுதான் அந்தப் பதவியின் கஷ்டம் என்று நான் நினைக்கிறேன். நின்று பழகுவதே சிலரைப் பணிய வைத்திருக்கிறது, சிலரை நிமிர வைத்திருக்கிறது.

2024 கடைசிக்கு வருகிறேன். நவம்பர் 26 அன்று அரசமைப்பின் 75ஆம் ஆண்டு விழா. அடுத்த நாளே நீலகிரி. 28 அன்று வெலிங்டன் ராணுவக் கல்லூரி. 30ஆம் தேதி நம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவுக்கு வருவதாக இருந்தது. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. டெல்டா முழுக்க மழை. பயணம் ரத்தானது. டிசம்பரில் செகந்திராபாத்தில், குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமான 'ராஷ்டிரபதி நிலைய'த்தில் ஐந்து நாள். 26 அன்று மன்மோகன் சிங் மறைந்தார். 28 அன்று நிகம்போத் படித்துறையில் இறுதி மரியாதை. அங்கேயும் நின்றார்.

திருவாரூருக்கு வராமல் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். 2025 செப்டம்பர் 2 அன்று சென்னையில் ஒரு வங்கியின் 120ஆம் ஆண்டு விழா. மறுநாள் திருவாரூருக்கு வந்து, பத்தாவது பட்டமளிப்பு விழாவில் மாணவர்களுக்குப் பதக்கங்களை எடுத்துக் கொடுத்தார். அதே புன்னகை, அதே வணக்கம். அன்றே ஸ்ரீரங்கமும் போய்விட்டு டெல்லிக்குக் கிளம்பினார்.

வணக்கம்.