ஒரு காற்புள்ளியும் 925 டாலரும்: குவீன்ஸில் என் எல்.எல்.சி.

வணக்கம். தையல் மேசையில் இன்று துணிக்குப் பதிலாக இரண்டு உறைகள் இருப்பதைப் பார்த்ததுமே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். என் நிறுவன அறிவிப்பு அச்சானதற்குப் பத்திரிகைகள் தரும் சான்றுக் காகிதம் வந்துவிட்டதா என்று இரண்டு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நேற்று மாலை இரண்டும் ஒரே தபாலில் வந்து சேர்ந்தன. அவற்றை மாநில அலுவலகத்தில் தாக்கல் செய்ய ஜூன் 10-ஆம் தேதி எனக்குக் கெடு. இன்று ஜூன் 3. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

இந்தச் சேனலுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில், ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு அருகில், வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். தொழிலுக்கு வரும் கடன் என் சொந்தச் சேமிப்பைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான், பிப்ரவரி 10-ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தில் எல்.எல்.சி., அதாவது உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம், ஒன்றைப் பதிவு செய்தேன். ஆர்டிகிள்ஸ் ஆஃப் ஆர்கனைசேஷன் என்ற அந்தப் படிவம் மிகச் சிறியது. பெயர், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி), வழக்குக் காகிதம் வந்தால் மாநிலச் செயலாளர் அதை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்ற விவரம், என் கையெழுத்து ஆகியவையே முக்கியம். கட்டணம் 200 டாலர். இருபத்து நான்கு மணி நேரத்தில் முடித்துத் தரக் கூடுதலாக 25 டாலர் கேட்பார்கள். எனக்கு அவசரமில்லை, கட்டவில்லை.

பதிவு முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாநிலத்தின் எல்.எல்.சி. சட்டத்தில் 206-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. பதிவான நாளிலிருந்து 120 நாட்களுக்குள், கவுண்டி கிளார்க் குறித்துக் கொடுக்கும் ஒரு தினசரியிலும் ஒரு வாரப் பத்திரிகையிலும், தொடர்ந்து ஆறு வாரங்கள், "இப்படி ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டிருக்கிறது" என்று அறிவிப்பு வெளியிட்டு, அதற்கான சான்றையும் தாக்கல் செய்ய வேண்டும். தினசரிக்கு 540 டாலர், வாரப் பத்திரிகைக்கு 385 டாலர், ஆக மொத்தம் 925 டாலர் கொடுத்தேன். நிறுவனத்தைத் தொடங்க 200, அதைத் தொடங்கினேன் என்று சொல்ல 925! சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்று எங்கள் ஆச்சி சொல்வார்கள். ஆச்சியின் கணக்கில்கூட மூன்று மடங்குதான், இங்கே நாலரை மடங்குக்கும் மேல். பெயரைத் தட்டினால் மாநிலத்தின் இணையதளத்திலேயே யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒரு செய்தியை, சிறு தொழில் செய்பவர்கள் செலவழித்து அச்சடிக்க வேண்டும் என்ற இந்த விதி எனக்கு அறவே பிடிக்கவில்லை. அரிசோனாவிலும் நெப்ராஸ்காவிலும் இப்படி அறிவிப்பு வெளியிடும் விதி உண்டு. ஆனால் நெப்ராஸ்காவில் மூன்று வாரம் போதும். அரிசோனாவில் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிகோபா கவுண்டிக்கும் டூசான் இருக்கும் பீமா கவுண்டிக்கும் பத்திரிகையே தேவையில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை ஒன்று இருக்கிறது. எந்தக் கவுண்டியைப் படிவத்தில் எழுதுகிறோமோ அந்தக் கவுண்டியின் பத்திரிகைகளில்தான் அறிவிப்பு வர வேண்டும். அங்கேதான் தொழில் நடக்க வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. அதனால் மாநிலத் தலைநகரான ஆல்பனியில், தங்களுக்காகக் காகிதங்களைப் பெற்றுக்கொள்ள ஓர் ஏஜெண்டை வைத்து அந்த முகவரியைக் கொடுப்பவர்கள் சில நூறு டாலரில் இதை முடித்துவிடுகிறார்கள். மன்ஹாட்டன் என்று எழுதுபவர்களுக்கோ ஆயிரம் டாலரையும் தாண்டுகிறது. ஏஜெண்டுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பது உண்மைதான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பாவது எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். இரண்டு பத்திரிகைகளுக்கும் பணம் கட்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிய வந்தது. ஆகவே, படிவத்தில் கவுண்டியின் பெயரை எழுதுவதற்கு முன்பே கிளார்க் அலுவலகத்தில் பத்திரிகைகளின் பெயரைக் கேட்டு, அவர்களிடம் விலையையும் கேட்டுவிடுங்கள்.

இப்போது காற்புள்ளிக் கதைக்கு வருகிறேன். அச்சுக்குப் போகும் முன் வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு மாதிரிப் படியை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஊசியில் நூல் கோக்க நான் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடியை, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அதையே எடுத்து அந்தப் பத்தி முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தேன். என் நிறுவனத்தின் பெயருக்கும் எல்.எல்.சி. என்ற எழுத்துகளுக்கும் நடுவே பதிவில் ஒரு காற்புள்ளி இருக்கிறது. மாதிரியில் அது இல்லை. தொலைபேசியில் சொன்னபோது, அது ஒரு பெரிய விஷயமே இல்லை, அப்படியே போகட்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அறிவிப்பில் உள்ள பெயர் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் மாநில அலுவலகம் சான்றைத் திருப்பி அனுப்பிவிடும். ஆறு வாரம் அச்சான பிறகு திரும்பி வந்திருந்தால், 385 டாலரும் போய், 120 நாள் கெடுவும் போயிருக்கும். மூன்று முறை பேசி, பதிவு ரசீதின் நகலை அனுப்பி, அந்தக் காற்புள்ளியை வைக்கச் செய்தேன். ஒரு வாரம் தாமதமானது. ஆனால் இதோ, கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பெயருக்குப் பின்னால் அது எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அறிவிப்பில் வரும் பதிவுத் தேதி, மாநில அலுவலகம் கொடுத்த ரசீதில் இருக்கும் தேதியாக இருக்க வேண்டும். நீங்கள் படிவத்தைத் தபாலில் போட்ட தேதி அல்ல. வழக்குக் காகிதத்துக்கு நீங்கள் கொடுத்த முகவரியும் பத்திரிகையில் அச்சாகும். வீட்டு முகவரி வெளியே தெரியக்கூடாது என்பவர்கள் முதல் நாளே வேறு முகவரிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வயோமிங்கிலோ டெலவேரிலோ பதிவு செய்தால் இந்தத் தொல்லை இல்லையே என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. 1977-இல் எல்.எல்.சி.க்கு முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் வயோமிங். அந்த மரியாதை அதற்கு என்றும் உண்டு. ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்து தைப்பவர் அங்கே பதிவு செய்தால், வெளிமாநில நிறுவனமாக இங்கே தொழில் செய்ய 250 டாலர் கட்டி அனுமதி வாங்க வேண்டும். அதன் பிறகு இதே ஆறு வார அறிவிப்பையும் வெளியிட வேண்டும். இரண்டு மாநிலங்களுக்கும் பணம் போவதுதான் மிச்சம்.

அறிவிப்பை வெளியிடாமலே விட்டால் என்ன ஆகும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். தொழில் நடத்தும் அதிகாரம் இடைநிறுத்தப்படும். பாக்கியை வசூலிக்க இந்த மாநிலத்தின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர முடியாது. ஆயினும் நீங்கள் செய்த ஒப்பந்தங்கள் செல்லும், உங்கள் சொந்தச் சொத்துக்கு உள்ள பாதுகாப்பும் போகாது. துணிந்து விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தைத்த கூலியைத் தராமல் இழுத்தடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; எனக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

மற்றவை எளிதாக முடிந்தன. வரி எண்ணாகிய இ.ஐ.என்.-ஐ, மத்திய அரசின் வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்திலேயே இலவசமாக, உட்கார்ந்த இடத்தில் வாங்கினேன். அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று எழுதிவைக்கும் ஆபரேட்டிங் அக்ரிமென்ட்டைப் பதிவான 90 நாட்களுக்குள் எழுத்தில் முடித்துவிட வேண்டும், உறுப்பினர் ஒருவரே ஆனாலும். அதை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் வங்கியில் கேட்டார்கள். பதிவான சில வாரங்களில் அரசுக் கடிதம் போலவே ஒன்று தபாலில் வந்து, ஏதோ சான்றிதழுக்குப் பணம் கேட்டது. கீழே பொடி எழுத்தில் தாங்கள் அரசு அலுவலகம் அல்ல என்று அவர்களே போட்டிருந்தார்கள். இதையும் அதே உருப்பெருக்கியால்தான் கண்டுபிடித்தேன்.

சரி, அறிவிப்பு அச்சானதற்கு இரண்டு பத்திரிகைகளும் கொடுத்த உறுதிமொழிச் சான்றுகளான அஃபிடவிட்டுகள் இதோ, மேலே சான்றுப் படிவம், அதற்கு மேலே 50 டாலருக்கான காசோலை. நான்கையும் அடுக்கிவிட்டேன். உறையில் ஆல்பனி முகவரியை எழுதியாகிவிட்டது. தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும். நாளையே போய்ச் சேரும் தபாலில், கண்காணிப்பு எண் வாங்கிக்கொண்டுதான் அனுப்பப் போகிறேன். நான் கிளம்புகிறேன்.