கல்லு சுமந்த கோரைப் பை

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவோட பழைய நாகரிகம்னாலே மாயா, அஸ்டெக், இன்கா இந்த மூணு பேருதான் நம்ம வாயில வருது, நான் பேச வந்தது இன்கா சாம்ராஜ்யத்துக்கே நாலாயிரம் வருஷம் முந்தின ஒரு ஊரப் பத்தி. பேரு காரல். பெரு நாட்டுல லிமாவுக்கு வடக்க, சூப்பே ஆத்துப் பள்ளத்தாக்குல இருக்கு, சுத்திலும் பாலைவனம்.

1990கள்ல ரூத் ஷேடிங்கிற பெரு நாட்டு அம்மா அங்க தோண்ட ஆரம்பிச்சாங்க. மணல்மேடுன்னு பாத்ததுக்குள்ள பிரமிடு, படிக்கட்டு, தரைக்குள்ள இறக்கிக் கட்டுன வட்ட முற்றம் எல்லாம் இருக்கு, ஆனா மண்பானை மட்டும் இல்ல! தொல்லியல்காரங்க காலம் கணிக்க முதல்ல தேடுறதே பானை ஓட்டத்தான, அது இல்லாம என்ன பண்றது?

கைகொடுத்தது ஒரு பைங்க. கோரை மாதிரி புல்லுல முடிஞ்ச வலைப்பை, ஷிக்ரான்னு பேரு. அதுல கல்ல ரொப்பி சுமந்துட்டு வந்து, அவுத்துக் கொட்டாம பையோடவே பிரமிடுக்குள்ள அடுக்கிட்டாங்க. நிலநடுக்கம் வந்தா பை அசைஞ்சு குடுக்கும், கல்லு சரியாதுன்னு ஆய்வாளருங்க சொல்றாங்க. எனக்கு அதவிட பெருசா படுறது வேற, மரக்கட்டைய வச்சு கார்பன் டேட்டிங் (செத்த மரம், செடியில மிச்சமிருக்குற கார்பன அளந்து வயசு கணிக்கிறது) பண்ணா அந்த மரம் எப்பவோ வெட்டுன பழைய மரமா இருந்துடலாம், புல்லுல அந்தக் குழப்பம் கிடையாது, அறுத்த கொஞ்ச நாள்லயே பையா முடிஞ்சிருப்பாங்க. கிடைச்ச காலம் கி.மு. 2627 வாக்குல, 2001ல வெளிய சொன்னாங்க. எகிப்துல கிசா பெரிய பிரமிடு எழும்புன காலத்த ஒட்டி வருது பாருங்க. பேரு தெரியாத ஒரு சுமைகாரர் தோள்ல இருந்து இறக்கி வச்ச பைதான் ஒரு கண்டத்தோட வரலாறையே திருத்தி எழுத வச்சிருக்கு, அத நெனச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

சரி, சாப்பாடு? கடல் 20 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, ஆனா ஊருக்குள்ள குவிஞ்சு கெடந்தது நெத்திலி, மத்தி முள்ளுதான். இவங்க பருத்தி வெளைய வச்சாங்க, கடற்கரைக்காரங்களுக்கு வலை பின்ன பருத்தி வேணும், வலை மிதக்க சுரைக்குடுக்கை வேணும், அத வாங்கிட்டு மீனக் குடுத்தாங்க. கொய்யா, பீன்ஸ், பரங்கி, சக்கரவள்ளின்னு ஆத்துத்தண்ணி பாய்ச்சி வயலும் பாத்திருக்காங்க.

போர் நடந்த அடையாளம் எதுவும் கிடைக்கல, கோட்டைச் சுவரும் இல்ல. கிடைச்சது 32 புல்லாங்குழல், கூழைக்கடா எலும்புலயும் காண்டர் கழுகு எலும்புலயும் செஞ்சது, அந்த வட்ட முற்றம் இருக்குற கோயில்ல மொத்தமா ஒரே இடத்துல வச்சிருந்தாங்க.